தூளிப் பாட்டைத் தாளில் இறக்குவது எப்படி?

கொடைக்கானல் மலைப் பகுதியின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, தாண்டிக்குடி பக்கத்துப் பாட்டிமார் பாடும் தாலாட்டைப் பதிவு செய்து, ஸ்வரத்தோடு எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு இந்தச் செய்முறை. ஸரிகம தெரியும், போனில் ஒரு ஆப் இறக்கத் தெரியும், அது போதும். அளவு டேப், கம்பளி, இயர்போன் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனி மைக் இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை.

1. போன்

ஆப்பின் அமைப்புகளில் கோப்பு வகையை வேவ் (WAV) என்று மாற்றுங்கள்; 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அதைவிட முக்கியம், 'இரைச்சல் நீக்கம்', 'தானியங்கி ஒலி அளவு' இரண்டையும் அணைப்பது. தாலாட்டின் உயிரே அடியின் கடைசியில் மெல்ல இழுக்கும் 'ஓ…' தான். ஒரே சீராக, தாழ்ந்து வரும் அந்த இழுப்பை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து ஆப் கரைத்துவிடும். பாட்டு துண்டு துண்டாக வரும். பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பாடி அனுப்பச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள்.

போனைத் தூளியிலோ தூளிக் கயிற்றிலோ கட்டாதீர்கள், கயிறு முனகுவதுதான் பதிவாகும். பாடுபவர் வாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மடித்த கம்பளியின் மேல் வைக்கவும். ஆப்பில் தெரியும் ஒலி அளவுமானி உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது.

தகரக் கூரை வீடு என்றால் ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், மழை பாட்டை விழுங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போது இன்னொரு தொல்லை: காலைக் குளிரில் பேட்டரி கிடுகிடுவென இறங்கும். பதிவு தொடங்கும்வரை போன் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

2. தூளிக்குள் என்ன போடுவது?

நாற்காலியில் உட்காரவைத்து "பாடுங்கம்மா" என்றால் இரண்டு அடியில் மறந்துவிடும் என்பார்கள். கை ஆடினால்தான் வாய் வரும். பேரப்பிள்ளை தூங்கும் நேரத்துக்குப் போவதே சிறந்தது. வீட்டில் பிள்ளை இல்லையென்றால் காலித் தூளியை ஆட்டச் சொல்லாதீர்கள். ஆகாது என்று பலர் மறுத்துவிடுவார்கள். குழவிக்கல்லைத் துணியில் சுற்றிப் போடலாமா என்று கேளுங்கள். தொட்டில் போடும் சடங்கில் முதலில் குழவிக்கல்லைக் கிடத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

3. ஆட்டத்தை அளப்பது

புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் இதுதான். பதிவைக் கேட்டதும் ஆதி தாளமா, ரூபகமா என்று விரல் விடத் தொடங்குவார்கள். நாலாவது அடியில் தாளம் தப்பும். பாட்டிக்கு லயம் இல்லை என்று முடிவு கட்டுவார்கள். லயம் அங்கேயேதான் இருக்கிறது, தூளியில்.

தூளி ஒரு ஊசல். விட்டத்திலிருந்து பிள்ளையின் வயிறு வரை டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் என்றால் போய் வர 2 விநாடி, ஒன்றரை மீட்டருக்கு சுமார் இரண்டரை, 2 மீட்டருக்கு 2.8. பிள்ளையின் எடை இதை மாற்றாது. ஆட்டத்தின் வீச்சு குறைந்தாலும் நேரம் ஏறக்குறைய அதேதான், அதனால்தான் கை சோர்ந்தாலும் பாட்டின் நடை குலைவதில்லை. ஒரே பாட்டு தாழ்ந்த கூரை வீட்டில் விரைவாகவும் உயர்ந்த விட்டத்தில் நிதானமாகவும் வர இதுவே காரணமாக இருக்கலாம். கணக்கை மட்டும் நம்பாமல், பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்தும் பாருங்கள்.

எழுதும்போது தாளக் குறி போடாதீர்கள். தூளி ஒரு பக்கம் போனால் ஒரு கோடு, திரும்பினால் இன்னொரு கோடு. எடுத்துக்காட்டுக்காகவே கட்டிய அடி:

மலவாழ | சீப்பறுத்து | மாமங்கொண் | டாந்தா…ன் |

நாலு கோட்டில் முடிய வேண்டியது. பிள்ளை சிணுங்கினால் அந்த 'தா…' ஆறு கோடு வரை நீளும், கண் செருகினால் மூன்றிலேயே அடங்கும். வந்தபடியே எழுதுங்கள், சமப்படுத்த வேண்டாம்.

4. சொல்லைத் திருத்தாதீர்கள்

மேலே உள்ள அடியில் 'கொண்டாந்தான்' என்பதை 'கொண்டு வந்தான்' என்று எழுதிப் பாடிப் பாருங்கள். நாலாவது கோடு 'வந்' என்று தொடங்கும். 'டா' நெடில், இழுக்கலாம். 'வந்' குறிலும் மெய்யும், இழுக்க இடமே இல்லை. ஆட்டம் முட்டி நிற்கும். வட்டாரச் சொல்லை விடாமல் எழுதச் சொல்வது இந்த ஓசைக் கணக்குக்காகவும்தான்.

தொடக்கத்தில் நாக்கைச் சுழற்றி 'லுலுலு' என்பார்கள். தொண்டையைச் சரிசெய்கிறார்கள் என்று வெட்டிவிடாதீர்கள். தால் என்றாலே நாக்கு. பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவமான தாலப்பருவத்துக்கும் அதே தால்தான். நடுவில் அண்ணன் தம்பி மேல் மனத்தாங்கல் வந்து, பாட்டு ஒப்பாரிச் சாயலுக்குச் சரிவதும் உண்டு. அதையும் வெட்டக் கூடாது. ஆனால் "அப்படியே ஒப்பாரியும் ஒண்ணு" என்று வீட்டுக்குள் கேட்டுவிடாதீர்கள், தப்பு.

5. சுருதியும் ராகமும்

முதல் ஸ்வரத்தை ஸட்ஜமம் என்று வைக்காதீர்கள். 'ஓ…' எங்கே போய் அடங்குகிறதோ அதை முதலில் ஸட்ஜமமாக வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். ப்ராட் என்ற இலவச மென்பொருள் அந்த இடத்தின் ஹெர்ட்ஸ் அளவைக் காட்டும். 196 என்றால் ஐந்து கட்டை. அது தேடும் எல்லையை 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை வைத்தால் போதும். முதியவர் குரல் கரகரக்கும்போது ப்ராட் ஒரு ஸ்தாயி இறக்கிக் காட்டி ஏமாற்றும், காதால் சரிபாருங்கள். பத்து நிமிடத்தில் சுருதி அரைக் கட்டை நகர்ந்திருக்கலாம், ஒவ்வொரு கண்ணியிலும் குறிக்கவும். மெதுவாக்கிக் கேட்க ஆடாசிட்டியே என் தேர்வு. சுருதியை மாற்றாமல் 'டெம்போ'வை மட்டும் பாதியாக்குங்கள்.

அப்புறம், தாலாட்டு என்றதும் 'நீலாம்பரி' என்று தலைப்பு எழுதும் பழக்கம். நீலாம்பரி 29ஆம் மேளத்தின் (தாய் ராகத்தின்) ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். இரண்டு நிஷாதமும் (நி) தலைகாட்டும், அதற்கென்று பிடிகள், அதாவது அடையாளமான ஸ்வரக் கோவைகள் உண்டு. ஸ ரி க ம என்று நாலு ஸ்வரத்துக்குள் சுற்றும் பாட்டில் நிஷாதத்துக்கு எங்கே போவது? குறிஞ்சி, நவரோஜ் என்று எழுதுவதும் அப்படித்தான். வந்த ஸ்வரங்களை மட்டும் எழுதி, ராகம் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள்.

பின்சேர்க்கை 1: இந்தச் செய்முறைப்படி எழுதிப் பார்த்து, கோடு பொருந்தவே இல்லை என்றவர்களில் பலர் வீட்டில் இருப்பது ஸ்பிரிங் தூளி. அது மேலும் கீழும் குதிப்பது, ஊசல் கணக்கு அதற்கு ஒத்துவராது. பிள்ளையைப் போட்டதும் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு குதிப்புக்கு 1 விநாடி. இங்கே எடையும் நடையை மாற்றும். 4 கிலோ பிள்ளை 8 கிலோ ஆனால் குதிப்பு நேரம் சுமார் 1.4 மடங்காகும். பதிவுக்கு மட்டுமாவது பழைய சேலைத் தூளி கட்டச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: கோத்தகிரிப் பக்கம் படுகு மொழித் தாலாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு (k–g, t–d, p–b போல) தமிழ் எழுத்தில் தெரியாது. க, ச, ட, த, ப மெல்லொலியாக வரும் இடத்தில் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். எழுதி முடித்ததும் அந்த வீட்டுப் பெண் ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் புள்ளி தவறியிருக்கும்.