பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் முதல் வேலை: நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பி.காம். முடித்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் முதல் வேலை தேடுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித் தேடியவன். இப்போது எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது உடன் அமர்ந்து கேள்வி கேட்கிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர், ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்ற ஒரே அச்சத்தில் மற்ற எல்லாத் தயாரிப்பையும் கைவிட்டுவிட்டு வந்து உட்காருவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நான் பார்த்த வரையில் இங்கே கேள்விகள் பெரும்பாலும் தமிழில்தான் வருகின்றன. ஒரு பில்லைக் கையில் கொடுத்தால் அதைப் படித்து, எந்தக் கணக்கில் எப்படி எழுதுவது என்று சொல்லத் தெரிகிறதா என்பதுதான் பார்க்கப்படுகிறது. ஆகவே தயாரிப்பு முழுவதையும் அந்த பில்லை நோக்கியே அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பாடப்புத்தகச் சொல்லையும் அலுவலகச் சொல்லையும் இணையுங்கள்

பதினொன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குப் பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் லெட்ஜர், ஜர்னல், ட்ரயல் பேலன்ஸ், டெப்ரிசியேஷன் என்று கேட்கும்போது, தெரிந்த விடையே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. ஒரு நோட்டில் இடப்பக்கம் பாடப்புத்தகச் சொல்லையும் வலப்பக்கம் அலுவலகச் சொல்லையும் எழுதி, நாற்பது ஐம்பது சொற்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். தமிழ்வழியில் படித்தது குறையே இல்லை. இந்த ஒரு வார வேலையைச் செய்யாமல் போவதுதான் குறை.

படி 2: டேலியில் ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுதிப் பாருங்கள்

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைப் பற்றிக் கேட்டால், 'டேலி தெரியும்' என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தவர் யார், வகுப்பில் வேடிக்கை பார்த்தவர் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். டேலி பிரைமை உரிமம் வாங்காமல் பயிற்சி முறையில் வீட்டுக் கணினியிலேயே பயன்படுத்தலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்றாலும், பழகுவதற்கு அது போதும். கற்பனையாக ஒரு பனியன் கம்பெனியைத் தொடங்கி, நூல் வாங்கிய பில், நிட்டிங் கூலி, சாயக் கூலி (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் இந்த வேலைகளை ஜாப் ஒர்க் என்பார்கள்), வாடகை, சம்பளம், ஒரு விற்பனை பில் என்று முப்பது பதிவுகளாவது போடுங்கள். எஃப்4 முதல் எஃப்9 வரை எந்த விசை எந்த வவுச்சர் என்பதை மனப்பாடம் செய்வதைவிட, முப்பது முறை அழுத்தினால் விரலே நினைவில் வைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு வங்கிச் சரிக்கட்டும் பட்டியலையும் தயாரித்துவிடுங்கள். புதியவர்களிடம் அதை அடிக்கடி கேட்பார்கள்.

இதைச் செய்துவிட்டால் ரெஸ்யூமில் எழுதவும் உங்களுக்கு உண்மையான ஒரு வரி கிடைக்கும். 'டேலி பிரைமில் ஒரு மாதத்துக்கான கொள்முதல், ஜாப் ஒர்க், விற்பனைப் பதிவுகளை ஜி.எஸ்.டி.யுடன் பயிற்சியாகச் செய்திருக்கிறேன்' என்று எழுதினால், கேள்வி கேட்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். நீங்கள் செய்து பார்த்த இடத்திலேயே உரையாடல் நடக்கும். ரெஸ்யூம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

படி 3: கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ஜி.எஸ்.டி. விதிகளின்படி, அதில் பதிவு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தன் வாயிற்பலகையில் ஜி.எஸ்.டி. எண்ணை எழுதி வைக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் கொடுத்தால், உள்நுழையாமலேயே நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், அது கூட்டு நிறுவனமா பிரைவேட் லிமிடெட்டா, எந்த நாளில் பதிவானது, என்ன பொருளைக் கையாள்கிறது என்பதெல்லாம் தெரியும். பொருள்களுக்கு எண் கொடுக்கும் எச்.எஸ்.என். பட்டியலில் பின்னலாடை 61ஆம் அத்தியாயத்தில் வரும். டி-சர்ட் என்றால் 6109. ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால், 'ஏற்றுமதி பில்லில் ஏன் வரி போடுவதில்லை?' என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். ஏற்றுமதிக்கு வரி விகிதம் சுழியம், எல்.யு.டி. என்னும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்திருந்தால் வரி கட்டாமலே சரக்கை அனுப்பிவிட்டு, உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, திரும்பக் கேட்கலாம்.

நேர்முகத் தேர்வுக்கான தேதியை நீங்களே சொல்லுங்கள் என்றால் 11, 20 ஆகிய நாள்களைத் தவிருங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்துக்கு 11ஆம் தேதியும், வரிக் கணக்கைச் சுருக்கமாகத் தரும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள்; அன்று கணக்குப் பிரிவில் யாருக்கும் உங்களோடு நிதானமாகப் பேச நேரம் இருக்காது.

படி 4: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

என் முதல் நேர்முகத் தேர்வுக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிமுகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதிரில் இருந்தவர், "சொல்லுங்க தம்பி, எந்த ஊரு, என்ன வேலை தெரியும்?" என்று தமிழில் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்ன வேலை தெரியும் என்பதை அதுவரை எந்த மொழியிலும் நான் சொல்லிப் பார்த்ததே இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

ஆகவே உங்களைப் பற்றிய அறிமுகத்தை ஒன்றரை நிமிடத்துக்குள், முதலில் தமிழிலும் பிறகு எளிய ஆங்கிலத்திலும், அக்காவிடமோ நண்பரிடமோ சொல்லிக் காட்டுங்கள். ஊர், படிப்பு, செய்து பார்த்த வேலை, இந்த வேலைக்கு ஏன் வருகிறீர்கள் என்ற வரிசை போதும். குடும்ப விவரங்களை அவர்கள் கேட்டால் சொல்லலாம்.

படி 5: பில் கைக்கு வரும்போது

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது ஒரு நிட்டிங் பில். நம் நூலை வாங்கிக்கொண்டு துணியாகப் பின்னிக் கொடுத்த நிட்டிங் கம்பெனி, கூலி 40,000 ரூபாய், சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 1,000, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 1,000, மொத்தம் 42,000 என்று எழுதியிருக்கும். "இதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்?" என்று கேட்போம். பெரும்பாலோர் உடனே 42,000 என்று சொல்லிவிடுவார்கள்.

கடந்த ஆண்டு வந்த ஒரு பெண் அப்படிச் சொல்லவில்லை. பில்லை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை விரலை ஓட்டிப் படித்தார். பிறகு பில் போட்டவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்து, 'பி' (P) என்றால் தனிநபர், 'எஃப்' (F) என்றால் கூட்டு நிறுவனம், 'சி' (C) என்றால் கம்பெனி. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினாலோ ஜாப் ஒர்க் கூலியில் டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் 2 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் கூலித்தொகை மீது மட்டும் பிடித்தால் போதும். அவர் வட்டமிட்டது 'பி'. "400 ரூபாய் பிடித்துக்கொண்டு 41,600 கொடுப்பேன் சார்" என்றார். கூலிக் கணக்கில் 40,000, இரண்டு உள்ளீட்டு வரிக் கணக்குகளிலும் தலா 1,000 டெபிட், டி.டி.எஸ். கணக்கில் 400, பார்ட்டி கணக்கில் 41,600 கிரெடிட் என்று எழுதியும் காட்டினார்.

பிடித்த டி.டி.எஸ்.-ஐ எப்போது கட்டுவீர்கள் என்று அடுத்துக் கேட்டோம். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் என்று சரியாகச் சொன்னார். மார்ச் மாதத்தில் பிடித்ததை எப்போது என்று கேட்டபோது, "மார்ச்சுக்கு மட்டும் வேறு தேதி என்று படித்த நினைவு இருக்கிறது, எந்தத் தேதி என்று சரியாகத் தெரியவில்லை; வருமான வரி இணையதளத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். அது ஏப்ரல் 30. அந்த விடை அவரிடம் இல்லாதது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. கணக்குப் பிரிவில் குத்துமதிப்பாக ஒரு தேதியைச் சொல்லி அபராதம் கட்ட வைப்பவரைவிட, பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று எண்ணி அவரையே எடுத்துக்கொண்டோம்.

ஆகவே பில் கைக்கு வந்ததும் பேசத் தொடங்காதீர்கள். ஒரு நிமிடம் எடுத்துப் படியுங்கள்; யார் யாருக்குப் போட்டது, தேதி என்ன, எந்த மாநிலம், கூட்டல் சரியா என்று பாருங்கள். நாங்கள் சில நேரம் வேண்டுமென்றே கூட்டல் தவறிய பில்லையும் கொடுப்பதுண்டு.

படி 6: சம்பளப் பேச்சு

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, 'நீங்கள் பார்த்துக் கொடுங்கள்' என்று சொல்லாதீர்கள். அதே ஊரில் அதே வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் தொகை பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். உதாரணமாகச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்றால், பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் 135 போக 16,425 கைக்கு வரும். கணக்குப் பிரிவுக்கு வருகிறவர் இதை அங்கேயே போட்டுப் பார்த்துக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகலை மட்டும் கொடுங்கள். வேலைக்காக முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

திரும்பி வரும் பேருந்திலேயே, கேட்ட கேள்விகளை எல்லாம் நோட்டில் எழுதி, விடை தெரியாதவற்றை அன்றிரவே தேடிப் படித்துவிடுங்கள். ஒரு வாரம் வரை தகவல் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்து கேட்கலாம். இந்த இடம் அமையாமல் போனாலும் நோட்டை எடுத்து வைக்காதீர்கள்; அடுத்த கம்பெனியின் மேசைக்கும் ஒரு நிட்டிங் பில்லோ, சாயப்பட்டறை பில்லோ, செக்கிங் கூலி வவுச்சரோதான் வரப்போகிறது.