குடும்ப எஸ்.யு.வி.யின் உண்மையான மைலேஜை நீங்களே அளப்பது எப்படி?

விற்பனையகத்தில் சொல்லப்படும் மைலேஜ் எண், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகளில் காரை உருளைகளின்மேல் ஏற்றி, ஏ.சி. போடாமல், மணிக்கு 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பெற்ற எண். அது பொய்யல்ல, இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரைக் கடக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஐந்து பேரையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு திருச்சிக்குப் போகும் உங்கள் காருக்கு எவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதை அளக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: டேங்கை முழுவதும் நிரப்புதல்

வழக்கமாகச் செல்லும் பெட்ரோல் பங்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே, முடிந்தால் அதே இயந்திரத்தின் அருகிலேயே காரை நிறுத்துங்கள். தரையின் சரிவு மாறினால் டேங்கில் எரிபொருள் ஏறும் உயரமும் மாறும் என்பதே இதற்குக் காரணம். குழாய் முதல் முறை தானாக நின்றதும், அதாவது ஆட்டோ கட் ஆனதும், அத்துடன் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று ஊழியர் கேட்பார், வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். அதற்குமேல் திணிக்கும்போது அளவீடு கெடுவதோடு, பெட்ரோல் கார்களில் டேங்கிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரம்பிய பெட்டிக்குள் திரவமாகவே பெட்ரோல் நுழைந்து அதைப் பாழாக்கக்கூடும்.

இரண்டாம் படி: எழுதி வைத்தல்

ஓடோமீட்டர் எண்ணையும் தேதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ட்ரிப் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் யாராவது அதைத் தெரியாமல் பூஜ்யமாக்கிவிடுவார்கள்.

மூன்றாம் படி: ஓட்டிவிட்டு மீண்டும் நிரப்புதல்

குறைந்தது 400 கி.மீ. ஓட்டிய பிறகு அதே பங்கில், அதே ஆட்டோ கட் வரை நிரப்பி, பில்லில் உள்ள லிட்டர் அளவை எழுதுங்கள். முதலில் 12,460 என்றும் இப்போது 12,892 என்றும் ஓடோமீட்டர் காட்டினால் கார் ஓடியது 432 கி.மீ.; நிரம்பியது 34.6 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12.5 கி.மீ. பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 8 ரூபாய் செலவாகிறது.

புதிதாக அளப்பவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதற்கு அடுத்ததுதான், ஆகவே சற்று நின்று விளக்குகிறேன். ஆட்டோ கட் ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். 35 லிட்டர் நிரப்பும்போது அந்த ஒரு லிட்டர் சுமார் 3 சதவீதப் பிழை. 10 லிட்டர் மட்டும் நிரப்பிக் கணக்குப் போட்டால் அதுவே 10 சதவீதப் பிழை ஆகிவிடும். ஆகவே அடுத்தடுத்து நான்கு முறை நிரப்பி, முதல் முறைக்குப் பிறகு ஓடிய மொத்தக் கிலோமீட்டரை, பின்னர் நிரப்பிய மூன்று முறைகளின் மொத்த லிட்டரால் வகுங்கள். இடையில் நேர்ந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ள, தொடக்கத்திலும் கடைசியிலும் நேர்ந்த பிழை மட்டுமே எஞ்சும். என் காரின் திரை 13.4 என்று காட்டிய மூன்று மாதங்களில் நோட்டுப் புத்தகம் சொன்னது 12.5. அதன்பிறகு குடும்பச் செலவைத் திட்டமிட நான் நோட்டையே நம்புகிறேன்.

பங்கில் கவனிக்க வேண்டியவை

ஊழியர் "ஜீரோ பாருங்க" என்று சொல்லும்போது உண்மையிலேயே பாருங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். அளவில் சந்தேகம் எழுந்தால், எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் அளந்து காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிவரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. விடியற்காலையில் நிரப்பினால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.1 சதவீதமே விரியும். அதிலும் நிலத்தடித் தொட்டியின் வெப்பம் ஒரு நாளுக்குள் பெரிதாக மாறுவதில்லை. டேங்க் கால் பங்குக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுவதோ உண்மையில் பயனுள்ள பழக்கம்; டேங்குக்குள் மூழ்கியிருக்கும் எரிபொருள் பம்பைக் குளிர்விப்பதே அந்த எரிபொருள்தான்.

மைலேஜ் எங்கே போகிறது?

எஸ்.யு.வி.யின் முகப்பு உயரமானது, அகலமானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.க்குப் போகும்போது அந்த எதிர்ப்பு சுமார் 56 சதவீதம் கூடுகிறது. திண்டிவனம் தாண்டியதும் கால் தானாக அழுந்தும் என்பதை அறிவேன்; ஆயினும் ஒரு பயணம் முழுவதும் 85-ல் ஓட்டிப் பார்த்து, நோட்டில் அந்த வரியை மற்ற வரிகளோடு ஒப்பிடுங்கள். பயன்படுத்தாத கூரைக் கேரியரையும் கழற்றி வையுங்கள்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரிபாருங்கள். அதில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருக்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் நாளில் அதைப் பின்பற்றுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது பழைய கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் எரிபொருள் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கத் தொடர்ந்து எரிபொருள் செலவாகும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இது சிக்கனத்தைவிடப் பெரிய விஷயம். நியூட்ரலில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

பி.எஸ். 6 என்ற புகைமாசு விதிப்படி தயாரான டீசல் கார் வைத்திருப்பவர்கள் தினமும் இரண்டு கி.மீ. பள்ளிக்கூடச் சவாரி மட்டுமே ஓட்டினால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துச் சுத்தப்படுத்தவே கூடுதல் டீசல் செலவாகும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிதானமான ஓட்டம் தேவை. பெட்ரோல் கார்க்காரர்கள் 20 சதவீத எத்தனால் கலப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்: ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

இவை எவற்றிலும் மாற்றமில்லாமல், இரண்டு முறை தொடர்ந்து மைலேஜ் 10 சதவீதம் சரிந்தால், முதலில் டயர் காற்றையும் பின்னர் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அடுத்து, பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். பணிமனைக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து மைலேஜ் குறைந்தது என்பதை மெக்கானிக்கிடம் சுட்டிக்காட்ட முடியும்.