தனியார் பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சு தனித்தனியாக ஓடும். கட்டணத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள். பாடத்தைப் பற்றிச் சேரப்போகிற பிள்ளை யோசிக்கும். இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் மற்ற பல தவறுகளுக்கும் தொடக்கம். அங்கே ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடி எழுதக் கட்டணம் உண்டு. சராசரி மதிப்பெண் கொஞ்சம் இறங்கினால் உதவித்தொகை நின்றுபோகலாம். படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் விடுதி வாடகையும் கடன் வட்டியும் கூடவே நீளும். பணமும் படிப்பும் ஒரே கணக்கு. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்துதான் அதைப் போட வேண்டும்.

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது

விளம்பரத்திலும் கையேட்டிலும் பெரிய எழுத்தில் இருப்பது முதலாண்டுக்கான கல்விக் கட்டணம். அதை நான்கால் பெருக்கி, மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் பல இடங்களில் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். முதலாண்டுக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால் இரண்டாம் ஆண்டு 108, மூன்றாம் ஆண்டு ஏறத்தாழ 117, நான்காம் ஆண்டு 126. கூட்டினால் 400 வராது, 451 வரும். கூடுதலாக அரை ஆண்டுக் கட்டணத்தைத் தேட வேண்டியிருக்கும். நான் சேரும் ஆண்டின் கட்டணமே படிப்பு முடியும்வரை இருக்குமா, ஏறுமா, ஏறினால் எவ்வளவு வரை? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அலுவலகத்தில் வாயால் சொன்ன உறுதி மூன்றாம் ஆண்டில் உதவாது.

கல்விக் கட்டணத்துக்கு வெளியே இருப்பவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்: சேர்க்கைக் கட்டணம், வைப்புத்தொகை, தேர்வு, ஆய்வகம், காப்பீடு, பட்டமளிப்பு. விடுதியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் இடம் உறுதி, பிறகு வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை சில இடங்களில் உண்டு. அப்படியானால் முன்பணம், வாடகை, போக்குவரத்து என்று செலவின் கணக்கே மாறிவிடும்.

உதவித்தொகையின் நிபந்தனைகளைப் படிக்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் வலிக்கிற தவறு. “பாதிக் கட்டணம் தள்ளுபடி” என்ற கடிதம் கையில் வந்ததும் மகிழ்ச்சியில் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவை நான்கு: எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நிற்கும், செமஸ்டருக்குக் குறைந்தது எத்தனை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவுக்கேற்பத் தரும் எண்) எடுக்க வேண்டும், ஒருமுறை நின்றால் திரும்பக் கிடைக்க வழி உண்டா.

அப்புறம் இன்னொரு நுட்பம். தள்ளுபடி விழுக்காட்டில் சொல்லப்பட்டிருக்கிறதா, நிலையான தொகையா? மேலே சொன்ன அதே கணக்கில் முதலாண்டு 100-க்கு 50 தள்ளுபடி என்றால் நீங்கள் கட்டுவது 50. தொகை மாறாமல் கட்டணம் மட்டும் ஏறினால் நான்காம் ஆண்டு நீங்கள் கட்டுவது 76. உங்கள் பங்கு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. கல்லூரி தந்த வாக்கு எதுவும் மீறப்படவில்லை. படிக்காமல் விட்ட ஒரு வரிதான் காரணம்.

கடனிலும் இதே கதை. பல கல்விக் கடன்களில் படிக்கும் காலத்தில் தவணை இல்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 வீதம் நான்கு ஆண்டு வாங்குகிறீர்கள், தனி வட்டி 10 விழுக்காடு என்றால், படிப்பு முடியும்போது வட்டி மட்டுமே 100. 400 வாங்கியவர் 500-லிருந்து தொடங்குகிறார். அந்த 100-ஐ அசலில் சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி ஓடும். வீட்டில் முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவருவது பெரிய நிம்மதி.

விலகினால் எவ்வளவு பணம் திரும்பும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். இன்னொரு இடத்தில் சேர்க்கை முடிவு வராமல் காத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

பெயரை நம்பி, படிப்பின் அங்கீகாரத்தைக் கேட்காமல் இருப்பது

பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பதும், நீங்கள் சேரும் படிப்பு அங்கீகாரம் பெற்றது என்பதும் வேறு வேறு. மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றில் தொழில் செய்யப் பெரும்பாலான நாடுகளில் அந்தத் துறைக்குரிய அமைப்பின் ஏற்பும் தேவை. பொறியியலில் பல நாடுகளின் அங்கீகார அமைப்புகள் ஒருவர் அங்கீகாரத்தை மற்றவர் ஏற்பதற்காக 1989-இல் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கைகூடத் தனித்தனிப் படிப்புகளின் அங்கீகாரத்தைத்தான் பேசுகிறது, பல்கலைக்கழகத்தின் பெயரை அல்ல. புதிதாகத் தொடங்கிய படிப்பு என்றால் இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலை அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலேயே சரிபாருங்கள்.

முதலாண்டைப் பழகும் ஆண்டாக நினைப்பது

“முதல் ஆண்டு எப்படியோ போகட்டும், அப்புறம் பிடித்துவிடலாம்” என்று மூத்த மாணவர்கள் ஆறுதல் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு அப்படி இல்லை. எட்டு செமஸ்டருக்கும் ஒரே அளவு கிரெடிட், பத்துக்குக் கணக்கிடும் சராசரி என்று கொள்வோம். முதல் இரண்டு செமஸ்டரில் 6 வாங்கிய ஒருவர் கடைசியில் 8-இல் முடிக்க வேண்டுமானால் மீதி ஆறு செமஸ்டரிலும் சராசரியாக 8.67 எடுக்க வேண்டும். பாடங்கள் கடினமாகிக்கொண்டே போகும் ஆண்டுகள் அவை. உதவித்தொகைக்கு 7.5 தேவை என்று இருந்தால், அது இரண்டாம் ஆண்டிலேயே கையைவிட்டுப் போயிருக்கும்.

கிரெடிட்டின் எடையையும் மறந்துவிடுகிறார்கள். 4 கிரெடிட் பாடத்தில் 6, 1 கிரெடிட் பாடத்தில் 10 வாங்கினால் சராசரி 8 அல்ல, 6.8. எளிதான சின்னப் பாடத்தின் அசைன்மென்ட்டை மெருகேற்றுவதில் இரவுகளைச் செலவழித்து, பெரிய பாடத்தை விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

கிரெடிட் என்பது நேரமும்கூட. ஐரோப்பிய நாடுகளின் பொது முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, தனிப் படிப்பு, தேர்வு எல்லாம் இதில் அடக்கம். ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். நாற்பது வாரத்தில் பரப்பினால் வாரம் 38 முதல் 45 மணி நேரம் வருகிறது. இது ஒரு முழுநேர வேலை. செலவைச் சமாளிக்கப் பகுதிநேர வேலை தேடுகிறவர்கள் இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் குறைந்த நேரம் வேலை செய்து, பாடத்தின் சுமை தெரிந்தபின் கூட்டிக்கொள்வது நல்லது.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பது பெரும்பாலோர் வழக்கம். 2006-இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பத்தியை மறுபடி படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் 56 விழுக்காடு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். நமக்கு நன்றாகத் தெரிகிறது என்ற நினைப்பு அந்த ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது.

அசைன்மென்ட்டில் ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: ஒப்புமை காட்டும் மென்பொருளில் விழுக்காடு குறைவாக வந்தால் பாதுகாப்பு. அந்த எண் சொல்வது எவ்வளவு எழுத்து வேறு இடங்களோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும். மேற்கோள் குறியிட்டு, மூலம் சொல்லி எடுத்தவையும் அதில் சேரலாம். சொற்களை மாற்றிப்போட்டு எடுத்த பிறரின் கருத்து அதில் தெரியாமலும் போகலாம். ஆசிரியர் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை பாடத்துக்குப் பாடம் விதி மாறுகிறது. எது வரை பயன்படுத்தலாம் என்று ஆசிரியரிடமே முதல் வாரத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டியதைப் பயன்படுத்தாமல் இருப்பதும், சிக்கலை மறைப்பதும்

நூலகத்தின் ஆய்விதழ் சந்தா, எழுத்துப் பயிற்சி மையம், மனநல ஆலோசகர், வேலைவாய்ப்பு அலுவலகம், ஆசிரியரைத் தனியாகப் பார்க்கும் நேரம் எல்லாம் பெரும்பாலும் நீங்கள் கட்டும் கட்டணத்துக்குள் அடங்கியவை. ஆனாலும் வெளியே காசு கொடுத்துப் பயிற்சிக்குப் போகிறவர்கள், ஆசிரியரின் அறைக் கதவை ஒருமுறைகூடத் தட்டியிருக்க மாட்டார்கள். பயம்தான் காரணம். போய்ப் பாருங்கள், குறிப்பான ஒரு கேள்வியோடு போங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியாகவே பேசுவார்கள்.

சிக்கல் வரும்போது மறைப்பது இதன் மறுபக்கம். இத்தனை பணம் கட்டியிருக்கிறார்களே என்ற குற்ற உணர்ச்சியில் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. வருகைப்பதிவு குறையும், ஒரு பாடம் நழுவும், அப்புறம் இரண்டாகும். பெற்றோர்களே, பணத்தைச் சொல்லிக்காட்டாதீர்கள். மாணவர்களே, தோற்றுவிடுவோம் என்று தெரிந்தால் தேர்வு வரை காத்திருக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்திலிருந்து முறையாக விலகிக்கொள்ள ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் விலகினால் தோல்வி மதிப்பெண் சராசரியில் சேராது. உடல்நலம் கெட்டால் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்கவும் வழி இருக்கும். எதைச் செய்தாலும் கிரெடிட் குறைவதால் உதவித்தொகை பாதிக்குமா, கடன் தவணை முன்கூட்டியே தொடங்கிவிடுமா என்று கட்டணப் பிரிவில் முதலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் கொடுங்கள்.