அம்மாவுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீடு வந்தாச்சு: முதல் எட்டு வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எடைக் குறைப்பு ஆபரேஷனில் ஒரு வகை ஸ்லீவ்: அதில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழத் தடிமனில் ஒரு குழாய். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைப்பது) என்றால் இன்னும் சிறியது, சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு பை. (பைபாஸ் என்றதும் இதயம் என்று பதறும் உறவினர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) இரண்டிலும் உள்ளே ஸ்டேப்ளர் தையல் ஓடுகிறது. வெளியே தெரியும் சிறு காயங்கள் பத்து, பதினைந்து நாளில் காய்ந்துவிடும். உள் தையல் ஆற வாரக்கணக்காகும், அதுவரை அந்த இடம் வீங்கியே இருக்கும்.

அதனால் பார்த்துக்கொள்பவருடைய வேலை ஊட்டுவதல்ல, அளப்பது. நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். "இன்னும் ஒரு வாய்" என்பது நமக்கு அன்பு. இந்த எட்டு வாரத்தில் அந்த ஒரு வாய்தான் வாந்தி, நெஞ்சு அடைப்பு, மறுபடி ஆஸ்பத்திரி. முதலில் தண்ணீர், அடுத்து புரதம், அதோடு நடை. மற்றதெல்லாம் பிறகு. டிஸ்சார்ஜ் தாளில் உங்கள் டாக்டர் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதுதான் செல்லும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே மாறும்.

1. வீட்டுக்கு வருவதற்கு முன் வாங்கி வையுங்கள்

பல்ஸ் காட்டும் பிபி மிஷின், தெர்மாமீட்டர், சர்க்கரை இருந்தால் குளுக்கோமீட்டர், மில்லி கோடு போட்ட 30 மில்லி கப், கண் நெருக்கமான டீ வடிகட்டி, மாத்திரை பொடிக்கும் டப்பா, ஒரு நாற்பது பக்க நோட்டு. குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை பரணில் இருந்தால் எடுங்கள். ஒரே மடக்கில் குடிக்க முடியாது என்பதால் அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. எத்தனை மில்லி பிடிக்கிறது என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா, கலர் எதுவும் வேண்டாம்.

பாயில் படுத்துப் பழகியவரானாலும் ஆறு வாரத்துக்குக் கட்டில். தரையிலிருந்து எழும்போது வயிறு இழுபடும். கட்டிலிலும் நேராக எழக் கூடாது: ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். கழிப்பறை இந்திய முறை என்றால் கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

சென்னையில் ஆபரேஷன் முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ காரில் வருகிறீர்கள் என்றால், மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் இது. சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சிறு தலையணை. வேகத்தடையில் அதன் அருமை தெரியும்.

2. தண்ணீர்க் கணக்கு

வீடு வந்தவர்களில் பலர் திரும்ப அட்மிட் ஆவது நீர் வற்றிப்போவதால்தான். கணக்கு எளிது: 15 நிமிடத்துக்கு 30 மில்லி. மணிக்கு 120. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மில்லி. குறி ஒன்றரை லிட்டர். முதல் இரண்டு நாள் ஒரு லிட்டர்கூட எட்டாமல் போகலாம்; நாளுக்கு நாள் ஏற வேண்டும். போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். தாகத்தை நம்பாதீர்கள், அது சரியாக வராது.

அந்த 30 மில்லியையும் நாலைந்து உறிஞ்சலாகக் குடிக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் சிலருக்குப் பிடித்து இழுக்கும். வெதுவெதுப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் குமட்டினால் வடிகட்டிய மோர், காரம் போடாத தெளிந்த ரசம். இளநீர் நாளுக்கு 100, 150 மில்லி போதும், அதிலும் சர்க்கரை உண்டு. சில பிபி மாத்திரைகளோடு பொட்டாசியம் ஏறும் என்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. தேன் நிறம் என்றால் பற்றவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் கடலோரப் புழுக்கம் உடம்பைப் பிழிந்துவிடும். அந்த நாட்களில் மதிய நடையை நிறுத்தி, அந்த நேரத்தைத் தண்ணீருக்குக் கொடுங்கள். பிபிக்கு நீர் பிரிக்கும் மாத்திரை பழைய டோஸிலேயே ஓடுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். எழுந்ததும் தலைசுற்றிக் கீழே விழுவது இதனாலும் வரும்.

3. புரதம்: கஞ்சி போதாது

நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணி, ரசம், இளநீர் என்று நாள் முழுக்கக் கொடுத்தாலும் பத்து கிராம் தேறாது. இது பலருக்கும் தெரிவதில்லை. புரதம் குறைந்தால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். காயம் மெதுவாக ஆறும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

முழுத் திரவ நாட்களில் ஒரு நாள் கணக்கு இப்படி: கொழுப்பு நீக்கிய பால் 600 மில்லியில் சுமார் 20 கிராம். வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) ஒரு ஸ்கூப் பெரும்பாலும் 24 கிராம் (டப்பாவில் பாருங்கள்). பால் பவுடர் மூன்று மேசைக்கரண்டியில் 7 கிராம். கெட்டியான பருப்பை அரைத்து வடிகட்டிய சூப் இரண்டு வேளை, வேளைக்கு 100 மில்லி, சேர்த்து 8 கிராம். அறுபதை நெருங்கிவிட்டது.

கொதிக்கும் பாலில் புரோட்டீன் பவுடரைக் கொட்டினால் திரிதிரியாகத் திரண்டுவிடும். ஆறவைத்த பாலில் கலந்து பிறகு வடிகட்டுங்கள். ஒரு ஸ்கூப்பை ஒரே வேளையில் கொடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். பால் குடித்ததும் வயிறு உப்பி, பேதி ஆகிறது என்றால் லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை, ஒத்துக்கொள்ளவில்லை. லாக்டோஸ் மிகக் குறைந்த வே ஐசொலேட்டுக்கு மாறிப் பாருங்கள். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் மால்ட் பவுடர் இதற்கு மாற்று அல்ல, அதில் சர்க்கரைதான் அதிகம். பைபாஸ் ஆனவருக்கு அந்த இனிப்பு படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று அரை மணியில் காட்டிவிடும்.

4. வாரம் வாரமாக உணவு

முதல் சில நாள் தெளிந்த திரவம். இரண்டாம் வாரம் முடியும் வரை பால், மோர், வடிகட்டிய சூப். மூன்று, நான்காம் வாரம் மிக்ஸியில் மைய அரைத்தது. ஐந்து, ஆறாம் வாரம் விரலால் நசுங்கும் மென்மையானது. அதற்குப் பிறகே சாதாரண உணவு, ஒவ்வொன்றாக.

அரைத்த உணவு ஆரம்பித்ததும் வேளைக்கு 2 முதல் 4 மேசைக்கரண்டி, நாளுக்கு ஐந்தாறு வேளை. இங்கிருந்து ஒரு புது விதி: சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து 30 நிமிடம் கழித்துத்தான். மீனுக்கு நமக்குப் பஞ்சமில்லை. சங்கராவை மஞ்சள், உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, மோரோ சூப்போ ஊற்றி மசித்தால் 50 கிராமில் பத்து கிராம் புரதம். ஐந்தாம் வாரத்தில் சுறா புட்டு செய்யலாம். எண்ணெய், பச்சை மிளகாய் இல்லாமல், ரசம் தெளித்து ஈரமாக. உலர்ந்தால் அது நெஞ்சில் நிற்கும். சைவம் என்றால் பனீர் துருவல், கெட்டித் தயிர், அரைத்த பாசிப்பருப்பு.

இட்லி மெத்தென்று இருப்பதால் முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அது மாவாகத் திரண்டு அடைக்கும். சாம்பாரில் ஊறிக் கரைந்த அரை இட்லி, அதுவும் ஐந்தாம் வாரம். சாதம், சப்பாத்தி, பரோட்டா கடைசி வரிசையில். ஆட்டுக்கறி, இறால், நண்டு மூன்றாம் மாதம் வரை காத்திருக்கட்டும். பண்ருட்டிப் பலாவின் நாரும் இனிப்பும் இப்போது வேண்டாம். முந்திரிப் பருப்பு வேறு வகை ஆபத்து: கொறிக்கக் கொறிக்க எடை திரும்ப ஏறும்.

தட்டுக்குப் பதில் சின்னக் கிண்ணம், டீஸ்பூன். ஒவ்வொரு வாயும் 20, 30 தடவை மெல்ல வேண்டும், ஒரு வேளைக்கு 20 நிமிடமாவது ஆக வேண்டும். விக்கல், தும்மல், மூக்கில் நீர், நெஞ்சில் ஒரு அழுத்தம்: இவைதான் இனி "போதும்" என்பதன் அடையாளம். வந்தவுடன் நிறுத்திவிடுங்கள், கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் மிச்சமிருந்தாலும். வீணாகிறதே என்று நீங்களும் வற்புறுத்தாதீர்கள்.

அடைத்துக்கொண்டு நுரை நுரையாக எச்சில் வந்தால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்கக் கூடாது. எழுந்து மெல்ல நடக்கட்டும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. நடையும் மூச்சும்

வந்த நாளே, விழித்திருக்கும் போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள். மூன்று பந்து மூச்சுக் கருவி கொடுத்திருந்தால் மணிக்குப் பத்து முறை, ஊதுவதல்ல, உறிஞ்சுவது. ஆபரேஷனுக்கு முன் தூங்கும்போது மாஸ்க் மிஷின் போட்டவர் இப்போதும் போட வேண்டும். தோள்பட்டை வலி முதல் சில நாள் சகஜம்: லேப்ராஸ்கோபிக்கு (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) வயிற்றில் நிரப்பிய வாயுவால் வருவது, நடந்தால் குறையும்.

இரண்டாம் வாரத்துக்கு மேல் புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையை விட நல்ல இடம் இல்லை. சமதரை, மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளும் விடுவதில்லை. கடலூரில் சில்வர் பீச்சுக்குப் போனால் மணலில் இறங்க வேண்டாம், கால் புதையும்போது வயிறு இறுகும். குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது. ஐந்து கிலோவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. எப்போது உடனே ஓட வேண்டும்

நோட்டில் காலை, மாலை இரு வேளையும் பல்ஸ், காய்ச்சல் எழுதுங்கள். முதல் இரண்டு வாரத்தில் உள் தையல் கசிந்தால் பல நேரம் முதலில் மாறுவது பல்ஸ்தான், வலிகூடப் பிறகுதான் வரலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே 120ஐத் தாண்டினால் கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிபிக்கு மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்றவை போடுபவருக்குப் பல்ஸ் அவ்வளவு ஏறாமலே ஏமாற்றும், அவர்களுக்கு 100 தாண்டினாலே போன் செய்யுங்கள்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி அல்லது இடது தோள் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கி வலிப்பது, தார் போலக் கருத்த மலம், ரத்த வாந்தி: 108. முடிந்தவரை ஆபரேஷன் செய்த இடத்துக்கே. முடியாவிட்டால் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்க்கும் நேரம் இதுவல்ல. மூன்று வாரத்துக்கு மேல் வாந்தி நாளுக்கு நாள் கூடினால் வழி சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) தேவைப்படும்.

ஒரு அட்டையில் இதை எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள்: என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, டாக்டர் எண். அதன் கீழே, "தொடர் வாந்தி இருந்தால் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்த பிறகே குளுக்கோஸ் டிரிப்" என்றும். தயமின் வற்றியவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு அதன் அறிகுறிகள்.

7. மாத்திரைகள்

மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த செட்டில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரூஃபெனோ இருக்கும், புண் வரும். ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்து. வலிக்குப் பாராசிட்டமால். கேஸ் மாத்திரையைச் சொன்ன காலம் வரை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கவனம்: உணவு திடீரென்று சுருங்கியதால் பழைய டோஸ் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். நாளுக்கு நான்கு முறை பார்த்து எழுதி, டாக்டருக்கு அனுப்பிக் குறைக்கச் சொல்லுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும் வகைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும்.

வைட்டமின் ஆயுள் முழுக்க. இரும்பும் கால்சியமும் சேர்ந்து போகக் கூடாது, இரண்டு மணி இடைவெளி வேண்டும். கால்சியம் சிட்ரேட் வகையாக இருக்கட்டும்; கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்து கடை அடைக்கும் ஊர் நம்முடையது. அந்த மாதங்களில் மாத்திரை, புரோட்டீன், குடிநீர் எல்லாம் பத்து நாளுக்குக் கையிருப்பு வையுங்கள்.

8. அழுகையும் எடையும்

வீடே சமைத்துச் சாப்பிடும்போது முப்பது மில்லிக் கப்போடு உட்கார்ந்திருப்பது லேசல்ல. மூன்றாம் வாரம் வாக்கில் காரணமில்லாமல் அழலாம், "ஏன் பண்ணிக்கிட்டேன்" என்று கேட்கலாம். பதில் சொல்லத் தேவையில்லை, கூட உட்காருங்கள். மற்றவர்கள் கொஞ்ச நாளைக்கு வேறு அறையில் சாப்பிடலாம், மீன் வறுக்கும் நேரத்தில் நடக்கக் கூட்டிப்போகலாம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பேச்சும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பாவுக்குத்தான் ஆபரேஷன், அவருக்குக் குடிப்பழக்கமும் உண்டு என்றால், பழைய அளவில் பாதியே இனி அவரைச் சாய்த்துவிடும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் பாருங்கள். மூன்றாம் வாரம் முள் அசையாமல் நிற்பது வழக்கம். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வளரும். எண்ணெய் மாற்றுவதற்குப் பதில் அன்றைய புரதக் கணக்கைப் பாருங்கள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் (ரத்தப் புரதம்). அடுத்தது ஆறாம் மாதம், பிறகு ஒரு வருடம், அதன்பின் வருடா வருடம்.