தேக்குப் பலகையில் திட்டும் ஆணிக்கறையும்: என் அனுபவம்

காட்பாடி வீட்டு அலமாரிக்கு வாங்கிய புதுத் தேக்குப் பலகைகளை இழைத்ததும், பச்சையும் கருப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பயப்பட வேண்டாம், புதிதாக அறுத்த தேக்கு அப்படித்தான் இருக்கும். வெளிச்சம் படப் பட மங்கிவிடும். மாடியில் காலை வெயிலில் சாய்த்து வைத்து, அவ்வப்போது திருப்பிப் போட்டேன். நிறம் பொன்பழுப்பாகச் சேர்ந்து வந்தது. வேலூர் உச்சிவெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பலகை வளைந்துவிடும்.

பழைய கதவிலிருந்து எடுத்த பலகைகள்தான் உண்மையான வேலை வைத்தன. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலக்கருப்பு வளையம். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை இது. உள்ளே இறங்கியிருப்பதால் உப்புத்தாளுக்கு மசியாது. ஆணித் துணுக்குகளைப் பிடுங்கிவிட்டு, ஆக்சாலிக் அமிலத் தூளைப் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விட்டுக் கரைத்து, பலகை முழுக்கப் பூசினேன். கறையில் மட்டும் பூசினால் அங்கே வெளுத்த வட்டம் விழும். கருப்பு மெல்லச் சாம்பலாகி, அப்புறம் மரத்தின் நிறமே திரும்பியது.

இந்த அமிலம் விஷம். கையுறை, முகமூடி கட்டாயம். காய்ந்தபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் தேய்க்கும்போது தூள் மூக்கில் ஏறும்.

கணு வெடிப்பில் அதே மரத்தூளை எபாக்சிப் பசையில் குழைத்து அடைத்தேன். பலகை ஓரத்து வெள்ளை மரப்பகுதியை அறுத்தே எடுத்தேன். வண்டு அதில்தான் முதலில் வாய் வைக்கும்.