புதுப்பேட்டைல பழைய கார் பார்ட்ஸ் வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணிடாதீங்க

சென்னை எக்மோர் பக்கத்துல கூவத்த ஒட்டி இருக்குற புதுப்பேட்டைக்குள்ள நுழைஞ்சீங்கன்னா அம்பாசடர் பம்பர், பிரீமியர் பத்மினி கார் ஹப்கேப் (சக்கரத்து நடுவுல மாட்டுற மூடி), மாருதி 800 கதவுன்னு கண்ணு முன்னாடி அடுக்கி வச்சிருப்பாங்க. பாத்ததும் ஒரே அம்பாசடர்ல பத்து பேரு மடி மேல மடியா உக்காந்து கல்யாணத்துக்குப் போனதெல்லாம் ஞாபகம் வரும், அந்த ஆசைய மட்டும் கடைக்காரர் முன்னாடி மொகத்துல காட்டாதீங்க, வெல அங்கேயே ஏறிடும்.

நெறைய பேரு பண்ற தப்பு, கழட்டுன பழைய பார்ட்ட வீட்ல வச்சிட்டு வெறுங்கையோட போறது. "அம்பாசடர் கிரில் இருக்காண்ணே"ன்னு கேட்டா எந்த மாடலுக்குன்னு அவரு குடுப்பாரு? மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவான்னு மூஞ்சி மாறிக்கிட்டே வந்த வண்டி அது. இன்ஜினும் அப்படித்தான், பழைய 1489 சிசி பெட்ரோல் வேற, 1990கள்ல வந்த இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் இன்ஜின் வேற, அதோட கியர் பாக்ஸே வேற. மாருதி 800ல கூட 1983ல வந்த மொத மாடலும் 1986ல மாறுன பாடியும் ஒண்ணில்ல. அதனால சாம்பிள கையோட எடுத்துட்டுப் போங்க, முடியலன்னா அளவோட போட்டோவாவது வேணும்.

அடுத்து, பளபளன்னு இருந்தா நல்ல சாமான்னு நம்புறது. பம்பர திருப்பி பின்பக்கம் பாருங்க, துரு அங்கதான் உக்காந்திருக்கும். முன்னாடி லேசா புள்ளி விழுந்திருந்தா குரோம் திரும்ப ஏத்திக்கலாம், தகடே அரிச்சிருந்தா விட்டுருங்க. கதவு, பானட்னா சின்ன காந்தம் ஒண்ணு வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டிதான் (பள்ளத்த மறைக்கப் பூசுற பேஸ்ட்). பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர்ல த்ராட்டில் தண்ட புடிச்சு ஆட்டிப் பாக்கணும், ஆட்டம் இருந்தா காத்து இழுக்கும், நீங்க என்ன ட்யூன் பண்ணாலும் ஐடிலிங் ஒரே சீரா இருக்காது, அப்புறம் மெக்கானிக்க திட்டிப் பிரயோஜனம் இல்ல.

அம்பாசடர் 2014லயே நின்னுபோச்சு, பத்மினி அதுக்கும் ரொம்ப முன்னாடி. அதனால கண்ணாடி ஏத்துற ஹேண்டில், ஹார்ன் ரிங், டெயில் லேம்ப் கிளாஸ், டேஷ்போர்டு மீட்டர் மாதிரி சாமானுக்கு இந்த மாதிரி எடந்தான் கதி. ஆனா பிரேக் ஹோஸ், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்குற மூட்டு), சீட் பெல்ட், டயர் இதையெல்லாம் பழசுல வாங்காதீங்க, எவ்ளோ சீப்பா குடுத்தாலும் சரி. சென்னையிலேயே இருக்குற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல புதுசு தேடுங்க, கெடைக்குற வரைக்கும் வண்டி ஷெட்டுலயே நிக்கட்டும்.

பழைய இன்ஜின் வாங்குறவங்க பில்லு கேக்காம வர்றதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. இன்ஜின மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில புது நம்பர ஏத்தணும், அந்த இன்ஜின் எந்த வண்டியோடதுன்னு பேப்பர் இல்லன்னா சிக்கல் உங்களுக்குத்தான், அது திருட்டு வண்டியோடதா இருந்தா ஸ்டேஷன் வரைக்கும் போகும். சேஸிஸ் நம்பர் இருக்குற தகட்ட வெட்டி யாராவது நீட்டுனா தொடவே தொடாதீங்க.

நம்ம வண்டிய ஸ்க்ராப்புக்கு போடுறவங்களும் காச வாங்கி பாக்கெட்ல போட்டதோட மறந்துடுறாங்க. ஒடச்சா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரியப்படுத்தி ஆர்சிய கேன்சல் பண்ணணும். அரசு பதிவு பெத்த ஸ்க்ராப் யார்டுல குடுத்தா அதுக்கு சர்டிபிகேட்டே தருவாங்க, அது கைக்கு வராம வெறும் வாய் வார்த்தைய நம்பி சாவிய குடுத்துட்டு வந்துராதீங்க.