பெரிய நாவலைத் தனி ஆளாக மேடையேற்றுவது எப்படி?

நாற்பது வருடம் நடித்துப் பழுத்த ஒரு நடிகர் தனியாக மேடையேற நினைத்தால் அவர் கை முதலில் போவது பழைய பெரிய நாவல்கள் பக்கம்தான். நல்ல ஆசை அது. அந்தப் பாத்திரங்களின் கனத்தைத் தாங்க வயதும் அனுபவமும் வேண்டும், அது அவரிடம் இருக்கிறது. இந்தக் குறிப்புகள் அப்படிப்பட்ட நடிகருக்கும் அவரோடு உட்கார்ந்து பிரதி தயாரிக்கிறவருக்கும்.

பதிப்புரிமை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஆசிரியர் இறந்து எத்தனை வருடத்தில் நாவல் பொதுச்சொத்து ஆகும் என்பது 50, 60, 70 என்று நாட்டுக்கு நாடு மாறும். நாடகம் நடக்கப்போகும் நாட்டின் கணக்கைப் பாருங்கள். மொழிபெயர்ப்பை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் மூல ஆசிரியர் எப்போதோ மறைந்திருந்தாலும் மொழிபெயர்த்தவருக்கு உரிமை தனியாக உண்டு, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மேடையில் நிற்கிற இந்த ஆள் யார், எதற்காக இன்று இந்தக் கதையைச் சொல்கிறார்? வயதான ஒருவர் தன் இளமையைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் நாவல் என்றால் பதில் கையிலேயே இருக்கிறது, நடிகரின் நரையே கதைக்குள் வந்துவிடுகிறது. ஆசிரியரே எங்கோ மேலே நின்று சொல்லும் நாவல் என்றால் கதைக்குள்ளேயே ஒருவரைத் தேடுங்கள். எல்லாவற்றையும் பார்த்த வேலைக்காரர், வழக்கை நடத்திய வக்கீல், கடைசியில் உயிரோடு மிஞ்சும் தம்பி, இப்படி யாராவது கிடைப்பார். அவர் பார்க்காத காட்சிகளை அவர் கேள்விப்பட்டதாகச் சொல்லலாம், அல்லது துணிந்து தூக்கிவிடலாம். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆரம்பித்தால் எவ்வளவு பெரிய நடிகர் செய்தாலும் அது மனப்பாட ஒப்பிப்பாகத்தான் கேட்கும்.

அப்புறம் வெட்டுவது. பாதி உழைப்பு இங்கேதான். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1853 டிசம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற தன் கதையைப் பொதுமேடையில் படித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. அது குறுநாவல்தான்! பிறகு அவரே அதை வெட்டி வெட்டிச் சுருக்கினார். பத்தி பத்தியாக அடித்து ஓரத்தில் தனக்கான குறிப்புகள் எழுதிய அந்தப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. எழுதியவருக்கே அந்த மனம் வந்தது என்றால் நாம் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் இலக்கு 75 முதல் 90 நிமிடம். நாவலின் பத்துப் பக்கத்தை மேடைவேகத்தில் வாய்விட்டுப் படித்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் எத்தனை பக்கம்தான் உங்களுக்கு இடம் என்று உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு பாத்திரத்தின் பயணத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தொடாத கிளைக்கதைகளை எடுத்துவிடுங்கள், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வருணனையில் உடம்பு செய்துவிடக்கூடியது எல்லாம் போகலாம். "கிழவர் நடுங்கும் கையால் தாழ்ப்பாளைத் தடவி, மெல்ல விலக்கி, இருட்டில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்" என்று நாவலில் இருந்தால் மேடைக்கு "கிழவர் தாழ்ப்பாளை விலக்கினார்" போதும். நடுக்கத்தைக் கை காட்டும், எட்டிப் பார்ப்பதைக் கழுத்து செய்யும். ஆனால் மிஞ்சுகிற வாக்கியங்கள் ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். அவருடைய நடைக்காகத்தான் அந்த நாவலை எடுத்தீர்கள், நீங்கள் எழுதிச் சேர்க்கும் இணைப்பு வரிகள் ஒன்றிரண்டு சொல்லில் முடிய வேண்டும்.

குரல் விஷயத்தில் அனுபவசாலிகளே அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பத்துப் பாத்திரத்துக்குப் பத்துக் குரல் என்று ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் பல குரல் நிகழ்ச்சி ஆகிவிடும், பார்வையாளர் கதையை விட்டுவிட்டுக் குரலைக் கவனிப்பார்கள். குரலைக் கொஞ்சம் மாற்றினால் போதும், மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். கடன் கேட்டு வந்த விதவையும் வட்டிக்கடைக்காரரும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். விதவையாக இருக்கும்போது பார்வை வலது பக்கம், சற்று மேலே, கை முந்தானையில். கடைக்காரராக மாறும்போது தலை இடது பக்கம் திரும்பி, பார்வை கீழே இறங்கி, கை கணக்குப் புத்தகத்தின் மேல் நிற்கும். இந்த இரண்டு புள்ளிகளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தள்ளினாலும் மூன்றாவது ஆள் வந்துவிட்டாரோ என்று தோன்றும். திரும்புவதும் முதல் சொல்லும் சேர்ந்தே வரட்டும், திரும்பி மூச்சு வாங்கிவிட்டுப் பேசினால் தையல் தெரிந்துவிடும். "என்றாள்", "என்றார்" எல்லாவற்றையும் அடித்துவிடாதீர்கள், சண்டை உச்சத்தில் நிதானமாகச் சொல்லும் ஒரு "என்றாள்" அரங்கத்தையே நிறுத்தி வைக்கும்.

மேடையில் பொருட்கள் குறைவாக இருப்பது நல்லது. நாற்காலி, மேசை, புத்தகம் வைக்க ஒரு சாய்மேசை, சரி. டிக்கன்ஸின் அதே கிறிஸ்துமஸ் கதையில் ஆங்கில நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட் முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களைத் தனியாகச் செய்ததும் வெறும் சில தட்டுமுட்டுச் சாமான்களை வைத்துத்தான்.

மனப்பாடத்தை நினைத்துத்தான் மூத்த நடிகர்கள் பயப்படுகிறார்கள். பிரதியை எட்டுப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மேடையில் ஒரு இடத்தோடு கட்டிவிடுங்கள்: நாற்காலியின் பின்புறம் வந்தால் ஜெயில் காட்சி, ஜன்னல் பக்கம் போனால் கடிதம். இடம் சொல்லை இழுத்து வரும். கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி மனப்பாடம் செய்யுங்கள், இல்லாவிட்டால் தொடக்கம் நூறு தடவையும் முடிவு பத்துத் தடவையும் ஒத்திகை ஆகியிருக்கும். சாய்மேசையில் உண்மையான பிரதியைத் திறந்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, டிக்கன்ஸுக்கு எல்லாம் மனப்பாடம், ஆனாலும் புத்தகம் எதிரில் இருந்தது.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். டிக்கன்ஸ் 1869-ல் ஒரு கொலைக் காட்சியை மேடையில் படிக்கத் தொடங்கினார், நாடித்துடிப்பு எகிறியதை மருத்துவர் அளந்து குறித்துவந்தார், மறு வருடமே 58 வயதில் அவர் இறந்தார். அதனால் ஆக உக்கிரமான காட்சியை இடைவேளைக்கு முன்னால் வையுங்கள், அதற்குப் பின் உட்கார்ந்து பேசும் காட்சி வரட்டும். தண்ணீர் குடிப்பதைக் கதைக்குள்ளேயே ஒரு செயலாக எழுதிவிடலாம். தொடர்ந்து இரண்டு நாள் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பல நாவல்களிலிருந்து காட்சிகள் எடுக்கிறீர்கள் என்றால் மூன்றுக்கு மேல் வேண்டாம். கனமானதை முதலில் வைத்து, சிரிக்க வைப்பதில் முடியுங்கள்.

அரங்கேற்றத்துக்கு முன் விளக்கு, இசை எதுவும் இல்லாமல், நாவலைப் படிக்காத பதினைந்து பேர் எதிரில் ஒருமுறை செய்து பாருங்கள். பிரதி தயாரித்தவர் நடிகரைப் பார்க்கக் கூடாது, அந்தப் பதினைந்து பேரைப் பார்க்க வேண்டும். எங்கே இருமுகிறார்கள், எங்கே நாற்காலியில் நெளிகிறார்கள், எங்கே யார் பேசுகிறார் என்று முழிக்கிறார்கள் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டு மறுநாள் அந்த இடங்களை வெட்டுங்கள். டிக்கெட் அச்சடிப்பது அதற்கப்புறம்.